கக்கூஸ் குழிக்குள் கிடைத்த சக்கரம்

மண்வெட்டி இரும்பில் பட்டால் ஒரு சத்தம் வரும். கல்லில் பட்டால் வருவது வேறு, பனை வேரில் பட்டால் வருவது வேறு. வன்னியில் இருக்கிற எங்களுக்கு அந்த இரும்புச் சத்தம் கேட்டால் முதலில் கால் நின்றுவிடும். பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கும்.

அன்று காலை நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் பாதித் தேங்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். வீட்டின் தெற்குப் பக்கத்தில், வேலியோரமாக வெட்டிய கிடங்குக்குள் மேசன் யோகன் அசையாமல் நின்றார். மண்வெட்டியை மெதுவாகக் கரையில் படுக்க வைத்துவிட்டு, "ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ" என்றார்.

வராதே என்றால் வருவதுதான் என் வீட்டுக்காரரின் சுபாவம். பொல்லை ஊன்றிக்கொண்டு அரைவாசித் தூரம் போய்விட்டார். நான் ஓடிப்போய் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

யோகன் மேசன் வேலைக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். அவர் கிடங்குக்குள் குப்புறப் படுத்து, சீமெந்து பூசுகிற கரண்டியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டத் தொடங்கினார். நாங்கள் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. நான் போகவில்லை.

கடைசியில் யோகன் எழும்பி நெஞ்சில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"வெடி இல்லை. ஆனா என்னெண்டும் தெரியேல்ல. வந்து பாருங்கோ, அக்கா."

வீட்டுக்குக் கிட்ட, கிணற்றுக்குத் தூர

யோகன் வெட்டிக்கொண்டிருந்தது கக்கூஸ் குழி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு இதற்குள் என்னைத் தெரிந்திருக்கும்.

இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை செய்து, வரம்பு வரம்பாக நடந்து ஓய்வுபெற்ற மனிதர். எங்கள் பழைய கக்கூஸ் காணியின் வடமேற்கு மூலையில், வாய்க்கால் ஒழுங்கையை ஒட்டி இருக்கிறது. குந்தியிருக்கிற வகை. மாரி மழையில் அங்கே போய்த் திரும்புவதென்றால் இவருக்கு ஒரு பயணம் மாதிரி. போன மாரியில் சேற்றில் வழுக்கி விழுந்து, அரை மணித்தியாலம் அங்கேயே கிடந்தார். கூப்பிட்டிருக்கலாம்தானே என்று கேட்டேன். கக்கூஸ் வாசலில் கிடந்து கூப்பிட மானம் விடவில்லை என்றார்.

அன்றைக்கு நான் உண்மையாகவே பயந்துபோனேன். கதிரை மாதிரி இருந்து எழும்பக்கூடிய கக்கூஸ் ஒன்றை வீட்டோடு கட்டுவதென்று தீர்மானித்தோம். குழி வீட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும், கிணற்றுக்குத் தூர இருக்க வேண்டும். இவர் அளவு நாடாவோடு காணி முழுக்கத் திரிந்து பார்த்தார். அப்படி இருந்தது ஒரே ஒரு இடம்தான்.

அந்த இடத்தில்தான் இது வந்து குந்திக்கொண்டிருந்தது.

உரப்பைக்குள் இருந்தது

செங்கல்லால் கட்டிய சதுரமான மேடை. முழங்கால் உயரம்கூட இல்லை. மேலே சீமெந்து பூசியிருந்தார்கள், கை வேலை, மட்டம் பார்க்காத வேலை. அதன்மேல் ஓர் உரப்பை, நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பை உக்கிப்போயிருந்ததால் யோகனின் கை பட்டதுமே பிரிந்தது.

உள்ளே ஒரு பற்சக்கரம். சுளகு அளவு அகலம். பற்கள் தேய்ந்து மழுங்கிப்போயிருந்தன. நடுத் துவாரத்தைச் சுற்றி ஏதோ எண்ணெய்ப் பிசுக்குக் கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்தபடி ஓர் எனாமல் கோப்பை, நீலக் கரை போட்டது, பிடி உடையாமல் அப்படியே இருந்தது.

நான் கோப்பையை எடுத்துக் கழுவி, குசினி யன்னலில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேனென்று தெரியவில்லை. கோப்பை என்றால் கழுவி வைக்க வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது.

யோகன் மண்வெட்டியைத் தோளில் வைத்தார். "திங்கட்கிழமை எனக்கு வட்டக்கச்சியில வேலை. அதுக்கு முதல் இதை உடைக்கிறதோ, வேற இடம் பாக்கிறதோ எண்டு சொல்லுங்கோ. இரும்புக்காரன் வந்தா சக்கரத்தை நிறுத்துக்கொண்டு போவான்."

"உடைக்கிறதுதான்" என்றார் இவர்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன் நான். எங்கள் வீட்டில் முக்கால்வாசித் தீர்மானங்கள் இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் எடுக்கப்படுகின்றன.

ஆளுக்கொரு சரித்திரம்

இவருடைய கருத்து, இது இயக்கத்தின் வேலைத்தளம். மேடையில் ஏதோ மெசின் பூட்டியிருந்திருக்கிறார்கள், கோப்பை அங்கே வேலை செய்தவர் தேத்தண்ணி குடித்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மெசின் பூட்டிய மேடையில் ஆணி அடித்த ஓட்டையாவது இருக்க வேண்டும். ஒன்றுமில்லை.

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, செங்கல் மிகப் பழையது, வன்னி அரசர்கள் காலத்துக் கல் என்றார். சொன்ன வாயாலேயே, "வெளியில கதைச்சிடாதேங்கோ, அக்கா. பழைய கல் எண்டு கேள்விப்பட்டால் தொல்பொருள்காரர் ஆரும் வந்து பலகை நட்டுப்போட்டுப் போயிடுவினம். பிறகு உங்கட காணிக்குள்ள நீங்கள் போக ஆரிட்டயும் கேக்கவேண்டி வரும்" என்றார். அதைக் கேட்டதும் இவர் கிடங்கை ஒரு தறப்பாளால் மூடிவிட்டார். செங்கல்லில் இருந்த கொம்பனி முத்திரை எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பயம் முத்திரை பார்த்தா வருகிறது?

மூன்றாவது கருத்து பெரிய மச்சாளுடையது. மச்சாள் என்றால் இவருடைய தமக்கை. கிளிநொச்சி டவுனில் இருக்கிறார், எதற்கும் பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து, தறப்பாளைத் தூக்கிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்தார்.

"நான் அப்பவே சொன்னனான். இது செய்வினை."

வேலிக்கு வெளியே தேசிக்காய்

மச்சாள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

முல்லைத்தீவுக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்து நான் ஓய்வுபெற்ற பிறகுதான் முரசுமோட்டையில் இந்தக் காணியை வாங்கினோம். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் வெளிநாடு போனவர்களின் வெறுங்காணி. வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். வடமேற்கு மூலை வேலிக்கு வெளியே, கக்கூஸின் பின்சுவருக்கு நேராக, ஒரு சிறிய கல்லில் கற்பூரம் எரிந்த கறுப்பு இருக்கும். சில வெள்ளிக்கிழமைகளில் குங்குமம் தடவிய தேசிக்காய்ப் பாதிகள் இருக்கும். யார் வைப்பதென்று கண்டதில்லை. விடிய முதலே வந்து போய்விடுவார்கள்.

நான் பெரிதாக எடுக்கவில்லை. மச்சாள் எடுத்தார். தம்பியின் முழங்கால் தேய்ந்ததே இதனால்தான் என்றார். ஒருமுறை டவுனிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, நீற்றுப் பூசணிக்காய் வெட்டி, கக்கூஸ் வாசலில் கழிப்புக் கழித்தார். கக்கூஸுக்குக் கழிப்புக் கழித்த முதல் வீடு இலங்கையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கல்லில் மறுபடியும் கற்பூரம் எரிந்திருந்தது.

"அங்க வெளியால வைச்சது காணாதெண்டு உள்ளுக்கயும் தாட்டு வைச்சிருக்கினம்" என்று மச்சாள் இப்போது கணக்கை முடித்தார். "கமலா, நீர் அந்தக் கோப்பையைக் கையால தொட்டனீரே?"

தொட்டது மட்டுமில்லை, கழுவி யன்னலில் வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. மச்சாளுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

நாலாவது தென்னை

எனக்கு மட்டும் அந்த உரப்பை மனதை விட்டுப் போகவில்லை. செய்வினை செய்கிறவர் நைலோன் கயிற்றால் இத்தனை சுற்றுச் சுற்றி, மழைத் தண்ணீர் போகாதபடி முடிச்சை அடிப்பக்கம் திருப்பி வைப்பாரா? அது திரும்பி வந்து எடுக்க நினைத்தவர் போட்ட முடிச்சு. எனக்கு அந்த முடிச்சைத் தெரியும். நானும் போட்டிருக்கிறேன்.

போன கிழமை என்னுடைய தையல் மெசினைப் புதைத்த கதையை எழுதியிருந்தேன். கடைசி இடம்பெயர்வின்போது வன்னியில் புதைக்காத வீடு இல்லை. ஒரு கிழமையில் வந்துவிடுவோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பித்தளைக் குடம், சைக்கிள், கலியாண அல்பம், தண்ணீர் இறைக்கிற மெசின், எல்லாவற்றையும் பையில் சுற்றித் தாட்டோம். தாட்ட இடத்தை மனதில் பாடமாக்கிக்கொண்டோம். கிணற்றுக்கு நேரே, நாலாவது தென்னையடியில்.

அப்போதிருந்த எங்கள் பழைய காணிக்குத் திரும்பி வந்தபோது தென்னையும் இல்லை, கிணறும் தூர்ந்திருந்தது. எங்கள் சொந்தக் காணிக்குள்ளேயே திசை தெரியாமல் நின்றோம். ஊர் முழுக்க ஆட்கள் தங்கள் முற்றத்தைத் தாங்களே துளைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு.

ஆகவே இந்தச் சக்கரத்துக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கேயோ ஒருவர் நாலாவது தென்னையை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரும்புக்காரனிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெயர் ஞாபகம் இல்லை

காணியை எங்களுக்கு விற்றவர் கனடாவில் இருக்கிறார். படத்தை எடுத்து வட்சப்பில் அனுப்பிக் கேட்டேன். அடுத்த நாள் குரலில் பதில் வந்தது.

"அன்ரி, அது எங்கட ஐயாவின்ர காணி. நான் அங்க வந்ததே ரெண்டு மூண்டு தரம்தான். இது என்னெண்டு தெரியேல்ல. ஒரு மலைநாட்டுக் குடும்பம் காவலுக்கு எண்டு கொட்டில் போட்டு இருந்தது. வயலும் அவையள்தான் பாத்தது. நான் சின்னப் பெடியனா இருக்கேக்கயே இருந்தவை, கடைசி மட்டும் இருந்தவை. பேர் ஞாபகம் இல்லை. நல்ல சனம்."

அந்தக் குரலை நான் இரண்டு தரம் கேட்டேன். இவ்வளவு காலம் அந்தக் காணியைப் பார்த்துக்கொண்ட மனிதரின் பெயர், காணிக்காரரின் மகனுக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை.

மலைநாட்டுக் குடும்பம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது தெய்வானை. எங்கள் வயலை ஒவ்வொரு போகமும் உழுது தருகிறவர். சொந்தமாக லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வைத்திருக்கிறார், தானே ஓட்டுவார். கணவர் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் வீடு. ஒரே மகளுக்கு ஆவணியில் கலியாணம். எங்கள் ஊரில் யாரைப் பற்றிக் கேட்டாலும் தெய்வானைக்குத் தெரிந்திருக்கும்.

போன் எடுத்துக் கேட்டேன். "தெய்வானை, முந்தி எங்கட காணியில காவலுக்கு இருந்த ஆக்களை உமக்குத் தெரியுமே? தெற்குப் பக்கம் வெட்டேக்க ஒரு இரும்புச் சக்கரம் வந்தது."

மறுபக்கத்தில் லான்ட்மாஸ்டரின் சத்தம் நின்றது. பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது.

"பக்கத்தில ஒரு கோப்பை இருந்திச்சா, அக்கா? நீலக் கரை போட்டது."

தேத்தண்ணி குடிக்கிற சாமி

தெய்வானை சேறு காயாத காலோடு வந்தார். செருப்பை ஒழுங்கையிலேயே கழற்றிவிட்டார். இவர் தறப்பாளை விலக்கினார். தெய்வானை கிடங்குக்குள் இறங்கவில்லை, கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களோடு கதைக்கும்போது எங்களைப்போலவே கதைக்கிறவர். அப்போது வாயிலிருந்து வந்தது மலைநாட்டுப் பேச்சு.

"இங்கயா இருந்த, சாமி? இங்கயா உன்னைப் படுக்க வச்சிட்டுப் போனாரு?"

நான் கதிரை கொண்டுவந்து போட்டேன். இருக்கவில்லை. மண் கும்பியிலேயே குந்தினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

தெய்வானையின் அப்பா தேயிலைத் தோட்டத்து ஃபக்டரியில் வேலை செய்தவர். அங்கே சக்கரத்தை ரோதை என்பார்கள். ஆளின் கையைக் காலை இழுத்துவிடக்கூடிய அந்த ரோதைக்குள் ஒரு முனி இருக்கிறார், அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். ரோதமுனி என்று பெயர். கழித்துப்போட்ட பழைய பற்சக்கரம் ஒன்றைத்தான் ஃபக்டரிக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டார்கள்.

"அங்க கலவரத்தில அடிச்சுத் துரத்தேக்க நான் சின்னப் பிள்ளை. மாத்துத்துணி இல்லாம வந்தம். அப்பா இதைச் சாக்கில கட்டித் தோளில தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தா. அந்தப் பாரத்துக்கு அரிசி தூக்கியிருக்கலாமே எண்டு."

"கோப்பை?" என்று கேட்டேன்.

"தேயிலைச் சாமிதானே, அக்கா. விடிய முதல் தேத்தண்ணி அவருக்குத்தான். சாயத்தண்ணிதான், பால் இல்லாம. ஆறின பிறகு அப்பா எடுத்துக் குடிப்பார். சாமி குடிச்ச மிச்சம் எண்டு சொல்லுவார். எங்களுக்குத் தரமாட்டார்."

கடைசி இடம்பெயர்வில் அப்பா, காவலுக்கு இருந்த இந்தக் காணியில் தான் கட்டிய மேடையைச் சக்கரத்தோடு மண்ணால் மூடிவிட்டு வந்தார். ஒரு கிழமையில் வந்து எடுப்போம் என்றார். அவர் திரும்பி வரவில்லை. தெய்வானை வந்தபோது கொட்டிலும் இல்லை, மரங்களும் இல்லை, ஓர் அடையாளமும் பிடிபடவில்லை. காணி விற்கப்பட்டு, எங்கள் வேலி வந்துவிட்டது.

"ஏன் ஒருநாளும் என்னட்டக் கேக்கேல்ல?" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். எத்தனை போகம் ஒன்றாக இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறோம்.

தெய்வானை மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கட சாமி உங்கட காணிக்குள்ள இருக்கு எண்டு சொன்னா, காணி கேக்க வந்திருக்கிறம் எண்டு நினைப்பீங்கள். அப்ப உழவும் இல்லாமப் போகும். அதுதான் வெளியில நிண்டே கும்பிட்டன்."

"வெளியில எங்க?"

"வாய்க்கால் ஒழுங்கையில. அப்பா சொல்லுவார், கிணத்தடியில நிண்டு மேற்கால பாத்தா சாமி நேர தெரியும் எண்டு. உங்கட கிணத்துக்கு நேர பிடிச்சு அந்த மூலையில சூடம் கொளுத்திப்போட்டுத்தான் வயலுக்குப் போவன்."

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கிணறு நாங்கள் வந்த பிறகு வெட்டியது. பழைய கிணறு ரோட்டுப் பக்கத்தில் தூர்ந்து கிடந்தது. அதை நிரவி, மேலேதான் எங்கள் வாசல் கேற்றைப் போட்டோம்.

இவர்தான் சொன்னார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பிள்ளை, அந்த மூலையில இருக்கிறது எங்கட கக்கூஸ்."

தெய்வானை எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் உங்கட கக்கூஸுக்கா சூடம் கொளுத்தினன்?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு, மண் கும்பியில் சரிந்து சரிந்து சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் போய்க் குந்தி, முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

இரண்டு வெற்றிலை

தெய்வானை கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மகளின் கலியாணப் பத்திரிகையை முதலில் குலதெய்வத்தின் முன்னால் வைத்துப் படைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்களுக்குக் கொடுக்கலாம். பத்திரிகை அடித்து வந்து, சாமியின் முன்னால் வைக்க வழியில்லாமல் அலுமாரிக்குள் கிடந்தது. சக்கரத்தைத் தந்தால் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். ஆனால் தூக்க முதல் சாமியிடம் பூக் கேட்க வேண்டும்.

இவருக்கு நிம்மதி. சாமி போனால் குழி வெட்டலாம். மச்சாளுக்கு விசயத்தைச் சொன்னபோது போனிலேயே எச்சரித்தார். "தம்பி, இண்டைக்குச் சக்கரம் எண்டுவினம். நாளைக்குக் கோயில். நாளையிண்டைக்கு வேலியை அரக்குவினம். பூவும் வேண்டாம், காயும் வேண்டாம். தூக்கிக் குடுத்து அனுப்பு."

இவர் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். வேலி என்று வந்தால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நோய்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தெய்வானை குளித்து, ஈரத் தலையோடு வந்தார். ஒரு வெற்றிலைக்குள் செவ்வரத்தம்பூ, மற்றதுக்குள் நந்தியாவட்டை. மடித்து, நூலால் கட்டி, சக்கரத்தின்மேல் வைத்தார். சிவப்பு வந்தால் சாமி கூட வரும், வெள்ளை வந்தால் இங்கேயே இருக்கும்.

"நான் எடுக்கக் கூடாது" என்றார். "காணிக்காரர்தான் எடுக்கவேணும். ஐயா, நீங்க எடுங்கோ."

இவர் திடுக்கிட்டார். பொல்லை என்னிடம் தந்துவிட்டு, யோகனின் தோளைப் பிடித்துக் கிடங்குக்குள் இறங்கினார். குனிந்தார். கை ஒரு வெற்றிலைக்குப் போனது, நின்றது, மற்றதை எடுத்தது. நூலை அவிழ்த்தார்.

வெள்ளைப் பூ.

தெய்வானையின் முகத்தில் மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வந்தன. "ஐயா, இன்னொருக்காக் கேட்டுப் பாப்பமா?" என்று மெல்லக் கேட்டார்.

இவர் பூவைச் சக்கரத்தின்மேல் வைத்தார். "என்னத்துக்கு? ஒருக்காக் கேட்டால் காணும்." பிறகு யோகனைப் பார்த்தார். "கக்கூஸ் பழைய இடத்திலேயே இருக்கட்டும். கதிரை வகை ஒண்டை அங்கேயே பூட்டு. வீட்டில இருந்து சீமெந்து நடைபாதை போட்டு, பிடிச்சு நடக்கக் கம்பி வை. இவ்வளவு காலம் பூசை நடந்த இடத்தை ஏன் மாத்துவான்?"

யோகன் சிரிப்பை அடக்க முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை நான் சொல்ல வேண்டும். இவர் சீட்டு விளையாட்டில் கள்ளம் செய்கிறவர். முந்நூற்று நாலு விளையாடும்போது எதிரில் இருப்பவரின் கண்ணாடியில் துரும்பைப் பார்த்துவிடுவார். அன்று ஒரு வெற்றிலையின் ஓரத்தில் வெள்ளை இதழ் கொஞ்சம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. குனிந்தவருக்குத் தெரிந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

படலை

கிடங்கைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, மேடை தெரிகிற மாதிரி யோகன் ஒரு சின்னச் சுவர் கட்டினார். தெற்கு வேலியில் தகரத்தை வெட்டி ஒரு படலை வைத்தோம். தெய்வானை எங்கள் கேற்றால் வந்து எங்களிடம் கேட்டு உள்ளே வரத் தேவையில்லை. பூட்டு வேண்டுமா என்று யோகன் கேட்டதற்கு, சாமிக்கு ஏன் பூட்டு என்றார் இவர். மச்சாள் ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு பொங்கல் படைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, தனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கோபித்தார்.

கோப்பையை நான் யன்னலிலிருந்து எடுத்து என் கையாலேயே தெய்வானையிடம் கொடுத்தேன். பத்திரிகை வைத்த அன்று அதில் ஆவி பறக்கச் சாயத்தண்ணி ஊற்றி வைத்தார். மகள் பக்கத்தில் நின்றாள். ஆறியதும் யார் குடிப்பதென்று தெரியாமல் இருவரும் முழித்தார்கள். முந்தி அது அப்பாவின் பங்கு. தெய்வானை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோப்பையை இவரிடம் நீட்டினார். இவர் சீனி இல்லாத தேத்தண்ணியை வாயில் வைக்காதவர். அன்று முழுவதும் குடித்தார்.

எல்லாம் முடிந்து தெய்வானை புறப்பட்டார். நான் படலைவரை போனேன். மகளை முன்னே அனுப்பிவிட்டு, தெய்வானை ஒழுங்கையால் வீட்டுப் பக்கம் போகாமல் வாய்க்கால் பக்கம் திரும்பினார். என்னவென்று பார்க்க வேலிக்கு உட்புறமாக நானும் நடந்தேன். வடமேற்கு மூலைக்கு வந்து, அந்தப் பழைய கல்லை முந்தானையால் துடைத்து, மிச்சமிருந்த கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

"இது இனி ஏன், தெய்வானை?" என்றேன் தகரத்துக்கு மேலால்.

"பழகிப் போச்சு, அக்கா" என்றார். "என்ர மனுசன் செத்தது, பிள்ளை காய்ச்சலில கிடந்தது, இந்தக் கலியாணம், எல்லாம் இங்க நிண்டுதான் சொல்லி அழுதனான். இடம் பிழைதான். ஆனா கேட்டுக்கொண்டுதானே இருந்தது."

தெய்வானை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

புதிய நடைபாதையால் வந்து, கம்பியைப் பிடித்து, இவர் சற்று முன்னர்தான் கக்கூஸுக்குள் போயிருந்தார். நாங்கள் கதைத்தது எல்லாம் உள்ளே கேட்டிருக்கும். கற்பூரம் எரிந்து அணையும்வரை இவர் செருமவுமில்லை, தண்ணீர் ஊற்றவுமில்லை.